மெர்லின் கையில் இருந்த சாவி

நான் எதற்காக எழுந்தேன்?

மருத்துவமனையில் மூன்று பேர் இதைக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார். தெரியாது என்றுதான் நால்வரிடமும் சொன்னேன். தெரியாமல் ஒருத்தி எப்படி எழுந்து நடப்பாள் என்று இப்போது நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலிலிருந்து சொன்னால் உங்களில் யாருக்காவது புரியலாம்.

நாங்கள் கேரளாவில் தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறோம். அவருக்கு ஃபேக்டரியில் வேலை. நான் பி.எஸ்சி. படித்துவிட்டு எஸ்டேட் நர்சரியில் பாடம் எடுக்கிறேன். மகள் மெர்லினுக்கு ஆறு வயது. மூன்று வருஷமாக அவளுக்கு வலிப்பு வருகிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "அது வந்துச்சா?" என்று கேட்பார்கள். "இந்த வாரம் அது வரல" என்று நாங்களும் சொல்வோம், ஏதோ போக்குவரத்து உள்ள சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போல.

இரண்டு மருந்து கொடுத்தும் அது வந்துகொண்டேதான் இருந்தது. தலையை ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடது பக்கம் சின்னதாக ஒரு தழும்பு தெரிந்தது. வலிப்பு அந்தத் தழும்பிலிருந்துதான் கிளம்புகிறது என்று உறுதியானால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம், மருந்து இல்லாமலே பிள்ளை வளரக்கூடும் என்றார் டாக்டர். உறுதி செய்ய ஒரே வழிதான் இருந்தது. பாலக்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. தலையில் வயர்களை ஒட்டி, எதிரே கேமராவை வைத்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு, அது வருவதற்காகக் காத்திருப்பார்கள். வரும்போது எந்தக் கை முதலில் விறைக்கிறது என்று படத்தில் பார்ப்பார்கள்.

"எந்தக் கை என்று நீங்கள் பார்த்ததில்லையா?" என்று டாக்டர் கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் சாவி பிடித்த கையைத்தான். அது வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். நான் எப்போதும் வலது கையில் வைத்து மூடிவிடுவேன். இரண்டு நிமிஷத்தில் நின்றுவிடும். கொடுக்காவிட்டாலும் இரண்டு நிமிஷத்தில்தான் நின்றிருக்கும் என்று தெரியும். தெரிந்தும் கொடுத்தேன்.

"கையில் ஒன்றும் வேண்டாம், வாயில் ஒன்றும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு கடிகாரத்தைப் பாருங்கள்" என்றார் அவர். சரி என்றேன். கிளம்பும் அன்று காலை எங்கள் சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன். படியிறங்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். எடுக்கவில்லை.

என் கணவருக்கு லீவு கிடைக்காததால் நானும் மெர்லினும் மட்டும்தான் போனோம். கேரளாவுக்குள்ளேயே போவதானாலும் எங்களுக்குத் தமிழ்நாட்டு வழியாகப் போவதுதான் வசதி. மறையூர் வரைக்கும் குளிருக்குக் காதைக் கட்டியிருந்த மெர்லின், கரும்புத் தோட்டங்களைத் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினாள். சின்னார் காட்டுக்குள் பஸ் நின்றுவிட்டது. எதிரே சாலையில் ஒற்றை யானை.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். யானை நகரவில்லை, நாங்களும் நகரவில்லை. பொரிந்த சருகு மேல் வெயில் அடிக்கும் சத்தம்கூடக் கேட்கும் போல இருந்தது. அப்போது ஜன்னலோரம் இருந்த மெர்லின் இன்னும் ஜன்னலோடு ஒட்டி நகர்ந்தாள்.

இதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அது வருவதற்கு முன்னால் அவள் நகர்ந்து இடம் விடுவாள். படுத்திருந்தால் சுவரோரமாகப் போவாள். உட்கார்ந்திருந்தால் தள்ளி உட்காருவாள். சரியாக ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. பிறகு அந்த வெற்று இடத்தைப் பார்த்துச் சிரிப்பாள். தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. அதற்குப் பிறகுதான் கண் மேலே போகும்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விழுந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் அவளை மடியில் ஒருக்களித்துப் போட்டேன். பின் சீட்டிலிருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ள கையில இரும்பக் குடு தாயி, இரும்பக் குடு!" என்று பதறினார். யானை எதிரே நின்றதால் அவருக்குக் கத்தவும் பயம். கிசுகிசுப்பாகவே பதறினார். அவரே முந்தானையை அவிழ்த்து பீரோ சாவியை நீட்டினார். ஒருவர் பைக் சாவியை நீட்டினார். கண்டக்டர் தன் பெட்டிச் சாவியைக் கழற்றினார். ஒருவர் "பல்லுக்கு நடுவுல எதையாச்சும் வைங்க" என்று சொல்ல, "வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது!" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். யானை காதை ஆட்டியது. பஸ் முழுவதும் என்னை முறைத்தது.

சாவிகளை நான் வாங்கவில்லை. அவர்களே என் தோளுக்கு மேலே கை நீட்டி அவள் கையில், உடையின் மேல் எல்லாம் வைத்தார்கள். எல்லாம் இரண்டு நிமிஷம்தான். அவள் தூங்கிப்போனாள். யானையும் ஏதோ நினைத்துக்கொண்டது போல ஓரமாக இறங்கிப் போய்விட்டது. அவரவர் சாவியை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

உடுமலைப்பேட்டையில் இறங்கும்போது அவள் வலது கை இன்னும் மூடியிருந்தது. விரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சாவி. விரல் நீளத்துக்கு, கறுத்த இரும்பு, நுனியில் கொஞ்சம் துரு.

"ஏனுங்க, யாராச்சும் சாவிய உட்டுட்டீங்களா?" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். யாரும் உரிமை கொண்டாடவில்லை. பீரோ சாவி அம்மா முந்தானையைத் தடவிப் பார்த்து, "என்னுது இருக்கு" என்றார்.

"உங்களுதாத்தான் இருக்குமுங்க. பதட்டத்துல மறந்திருப்பீங்க" என்றார் கண்டக்டர்.

என்னுடையது வீட்டில் ஆணியில் தொங்குகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. சாவியைச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஏன் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கவில்லை?

மறுநாள் கொழிஞ்சாம்பாறையில் மதினி வீட்டில் இருந்தோம். மதினி என் கணவரின் அக்கா. இங்கே கல்யாணம் கட்டி வந்து பதினைந்து வருஷத்தில் எங்கள் பேச்சை மறந்து இந்த ஊர்ப் பேச்சுக்கு மாறிவிட்டார்.

"ஏம்மா ஜான்சி, புள்ள எதுக்கு இப்படி எளச்சுக் கெடக்குது? மலைமேல சோறு கெடைக்காதா?" என்று கேட்டபடியே அரிசிம்பருப்பு சாதத்தைத் தட்டில் குவித்து மேலே நெய்யை ஊற்றினார். பருப்பையும் அரிசியையும் ஒன்றாக வேகவைக்கும் இந்தச் சோற்றை எங்கள் பக்கம் செய்வதில்லை. மெர்லின் இரண்டு தடவை வாங்கித் தின்றாள்.

எங்களுக்குப் பழகியது மூடுபனி. அது சத்தம் போடாது. இங்கே காற்று. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வரும் காற்று பகல் முழுவதும் நிற்காமல் அடித்தது. வீட்டுக்குப் பின்னால் பனைமரங்கள் வரிசையாக நின்றன. காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

"யாரும்மா கை தட்டுதாங்க?" என்று மெர்லின் கேட்டாள்.

"பனை ஓலைலா."

"இல்ல. அந்தப் பக்கம் ஒராளு மட்டும் தட்டுதாங்க" என்று வரிசையின் கடைசியைக் காட்டினாள். கடைசி மரம் மொட்டை மரம். இடி விழுந்து தலை போய் நான்கு வருஷமாயிற்று என்றார் மதினி. நான் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாவிக் கதையைக் கேட்டதும் மதினி அதைத் தொடவில்லை. தன் கணவரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க வந்து இதப் பாருங்க." அவர் வந்து பார்த்துவிட்டு, "பழைய களஞ்சியத்துச் சாவியாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"யாரு ஊட்டுச் சாவியோ, உன்ற கைக்கு எதுக்கு?" என்றார் மதினி. "சாவி இங்க இருக்குதுன்னா அதும்பட பூட்டு எங்கியோ பூட்டியேதான இருக்கும். உள்ளார யாரு இருக்கறாங்களோ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கெணத்துல போட்டுட்டுப் போ" என்றார். சரி என்றேன். கிணற்றடிக்கும் போனேன். தண்ணீர் வெகு ஆழத்தில் இருந்தது. போடவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்ந்தோம். வயர்களை ஒட்டியவர் பெயர் சுந்தரம். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், நரைத்த மீசை. மெர்லின் தலைமுடியைப் பிரித்துப் பிரித்துப் பசை வைத்து, ஒவ்வொரு வயராக ஒட்டினார். கடைசியில் வெள்ளைத் துணியால் தலையைச் சுற்றினார். "நான் புதுநன்ம எடுக்கப் போற பிள்ள மாதிரி இருக்கேனா?" என்று அவள் கேட்டாள். முதல் முறை நற்கருணை வாங்க வெள்ளை முக்காடு போட்டுக் கோயிலில் நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும், "ரொம்ப நன்னா இருக்கே குட்டி" என்றார்.

கட்டிலுக்கு எதிரே சுவரில் கேமரா. கட்டில் ஓரத்தில் நீளமான வயரில் தொங்கும் ஒரு பொத்தான். "அது வர்ற மாதிரி தோணித்துன்னா இதை அமுக்கணும், கேட்டேளா. அமுக்கிட்டு நகர்ந்து நில்லுங்கோ. உங்க முதுகு கேமராவை மறைக்கப்படாது. போர்வையை இழுத்துடுங்கோ, கை ரெண்டும் தெரியணும்" என்றார் சுந்தரம். பத்து தடவை ஒத்திகை பார்த்தோம். மெர்லின் செத்தவள் மாதிரி விறைத்துக்காட்டிச் சிரிப்பாள், நான் பொத்தானை அமுக்கி நகர்வேன். பொத்தானை என் மணிக்கட்டிலேயே கட்டிக்கொண்டேன்.

பிறகு காத்திருந்தோம்.

மூன்று வருஷமாக எது வரக்கூடாது என்று ஜெபித்தேனோ அது வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அங்கே எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நர்ஸ் காலையில் வந்து, "இன்னும் வரவில்லையா?" என்று மலையாளத்தில் கேட்பார். கஞ்சியும் பயறும் கொண்டுவரும் பெண்ணும் கேட்பாள். பக்கத்து அறைத் தாய், "எங்களுக்கு நேற்றே வந்துவிட்டது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மாத்திரை ஒவ்வொன்றாகக் குறைந்தது. மெர்லின் முன்னைவிடத் தெளிவாகப் பேசினாள், அதிகமாகச் சிரித்தாள். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிடுவேன். வா என்று கூப்பிட வேண்டும். யாரிடம் சொல்லிக் கூப்பிடுவது?

நான்காவது நாள் மதியம், சாப்பாடு முடிந்து இரண்டு மணி. நல்ல வெயில். மெர்லின் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் அறை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். முதுகு கட்டில் பக்கம். குழாய்த் தண்ணீர் தொட்டியில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

இதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, நர்ஸ் என் தோளைப் பிடித்து இழுத்து, "அக்கா, தள்ளி நில்லுங்கள், தள்ளுங்கள்" என்று மலையாளத்தில் கத்தியதுதான். நான் மெர்லின் மேல் குனிந்திருந்தேன். அவள் வலது கை என் இரண்டு கைக்குள் இருந்தது. அதற்குள் அந்தச் சாவி. மணிக்கட்டில் கட்டியிருந்த பொத்தான் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது. அதை நான் அமுக்கவே இல்லை.

சாயங்காலம் டாக்டர் கேட்டார். "சாவியை வைத்தபோது விரல்கள் தானாக மடங்கினவா, நீங்கள் மடக்கினீர்களா?"

"தானாத்தான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

படுத்த பிறகு யோசித்தேன். தானாக மடங்கியிருந்தால் வலது கைதான் முதலில். வலது கையை ஆள்வது மூளையின் இடது பக்கம், அப்படியானால் அந்தத் தழும்புதான். அப்படியானால் அறுவை. அதனால்தான் "தானாக" என்றேனா? அவள் மண்டையைத் திறப்பார்கள். நான் சொன்ன ஒரு சொல்லை வைத்துத் திறப்பார்கள். விடிந்ததும் டாக்டரைத் தேடிப் போய், "எனக்குத் தெரியல டாக்டர், நேத்து சொன்னது தப்பு" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தெரியவில்லை என்று சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டு, எழுதியிருந்ததை அடித்தார். "வாருங்கள், படத்தைச் சேர்ந்து பார்க்கலாம்."

சுந்தரத்தின் அறையில் ஒரு பக்கம் படமும் மறுபக்கம் மூளையின் கோடுகளும் ஓடின. என் முதுகு கேமராவை முழுக்க மறைத்திருந்தது. கை தெரியவே இல்லை. ஆனால் சுந்தரம் படத்தைப் பின்னால் ஓட்டினார். "அம்மா, இதைப் பாருங்கோ. கோடு மாறறது இங்கே. நீங்க எழுந்தது எங்கே?"

பதினொரு விநாடி முன்னால்.

படத்தில் நான் டம்ளரைக் கீழே வைக்கிறேன். குழாயை மூடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுந்து, பாக்கெட்டில் கைவிட்டு, சாவியோடு கட்டிலை நோக்கி வருகிறேன். மெர்லின் இன்னும் வரைந்துகொண்டுதான் இருக்கிறாள். நான் பாதித் தூரம் வந்த பிறகு பென்சிலை வைக்கிறாள். சுவரோரமாக நகர்ந்து இடம் விடுகிறாள். சிரிக்கிறாள். அதற்குப் பிறகுதான் கோடுகள் கலைகின்றன.

"எதைக் கேட்டு எழுந்தேள்?" என்றார் சுந்தரம்.

"குழாய் ஓடிட்டிருந்துச்சு. ஒண்ணும் கேக்கல."

வலிப்பு மூளைக்குள் ஆழமாகக் கிளம்பினால் வெளியே ஒட்டிய வயருக்குத் தெரியத் தாமதமாகும், பிள்ளையின் முகத்தில் சின்ன மாற்றத்தைப் பார்த்துச் சில தாய்மார்கள் இயந்திரத்தை முந்திக்கொள்வது உண்டு என்று டாக்டர் விளக்கினார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு அவரே திரையைப் பார்த்தார். "ஆனால் நீங்கள் முகத்தைப் பார்க்கவில்லையே" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை ரிப்போர்ட்டில் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை" என்றார்.

ஒரே ஒரு வலிப்பு, அதிலும் கை தெரியவில்லை. அடுத்த பிள்ளை அறைக்காகக் காத்திருந்தது. பழைய அளவு மருந்தைத் திரும்பக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது உடுமலைப்பேட்டையில் அதே கண்டக்டர் இருந்தார். சாவியைக் காட்டினேன். "இன்னுமா வெச்சிருக்கறீங்க?" என்று சிரித்தார். பிறகு யோசித்து, "அன்னைக்கு சாவி நீட்டுனது மூணு பேருதானுங்க. அந்தம்மா, பைக்குக்காரரு, நானு. மூணும் அப்பவே எடுத்துட்டோமுங்க" என்றார்.

சின்னாரில் யானை இல்லை. மெர்லின் ஜன்னலோரம் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் கேட்கப் பயந்ததை அங்கே கேட்டேன்.

"அது வரும்போது யாருக்கு இடம் விடுத, மெர்லின்?"

என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள். "ஒனக்குத்தாம்மா. நீ வருவேல்லா."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஒரு மைல் தூரம் போன பிறகுதான் உறைத்தது. போகும்போது இதே இடத்தில் அவள் நகர்ந்து இடம் விட்டபோது, நான் ஏற்கெனவே அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அந்தச் சாவி எங்கள் சாவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இதுவரை எந்தப் பூட்டிலும் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த முறை அறைக்குள் தானே இருப்பதாக என் கணவர் சொல்கிறார். "ஒங்கையி சும்மா இருக்காது ஜான்சி. நீ வெளிய இரி" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். நான் உள்ளே இருந்தால் மறுபடியும் கையை மறைத்துவிடுவேனோ என்று எனக்கே பயம். ஆனால் நான் வெளியே இருந்தால் அந்தப் பதினொரு விநாடி முன்னால் எழுந்துபோக அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவள் நகர்ந்து இடம் விடுவாள். அந்த இடத்தில் யார் வந்து உட்காருவது? அப்பாவோ ஓரமாக நின்று பொத்தானை அமுக்குவார். அதுதான் சரியும்கூட.

ஒருவர்தான் இருக்கலாம் என்பது மருத்துவமனையின் விதி. யார் என்று எங்களையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார் டாக்டர். இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

இதே போன்ற அறையில் பிள்ளையோடு காத்திருந்த தாய்மார்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். நீங்கள் உள்ளே இருந்தீர்களா, வெளியே இருந்தீர்களா? உள்ளே இருந்திருந்தால், அது வந்தபோது உங்கள் கைகளை என்ன செய்தீர்கள்?